முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம்

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு யார் தொலைபேசி செய்தாலும் முதலில் கேட்பது என் குரலைத்தான். நிமியா ஒவெலாருக்கு என் எதிர்மேசை. சங்கத்தின் வாரச் செய்தியை எழுதி இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. காலை பத்து மணியானால் ஐஸ் தண்ணீர்க் குடுவையை நான் எடுத்துவருவேன், அவள் தெரெரே இலையைக் குவளையில் போட்டு வைத்திருப்பாள். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், பதினைந்து வருடம். அப்படிப் பழகியவளின் கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளிடமே கேட்டேன். "சொல்லிக்கோ, நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

எங்கள் ஊர் சான்டா ரூஃபினாவில் மூன்று மொழி. அறுபது வருடத்துக்கு முன் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து, காட்டை வெட்டி நிலமாக்கியவர்களின் பிள்ளைகள் வீட்டில் ஜப்பானிய மொழி பேசுவார்கள். எங்களுக்கு வீட்டில் இந்த மண்ணின் பழைய மொழியான குவாரனி. அலுவலகத்தில் தாளில் எழுதுவதெல்லாம் ஸ்பானிய மொழி. சோயா விலையானாலும், மழை வருமா என்பதானாலும், பேஸ்பால் ஆட்டத்தில் யார் தோற்றார்கள் என்பதானாலும் மூன்றிலும் சொன்னால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

நிமியாவின் அப்பா மர அறுவை ஆலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அவள் பள்ளியில் குவாரனி எழுத்தில் மாகாணப் பரிசு வாங்கியவள். தேவாலயக் கதவில் ஒட்டும் அறிவிப்பில் எழுத்துப் பிழை இருந்தால் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் உள்ளே போவாள். பாதிரியார் இரண்டு முறை கோபித்துக்கொண்டு, மூன்றாவது முறை அறிவிப்பை ஒட்டும் முன் அவளிடமே கொடுத்தனுப்பிவிட்டார். கல்யாணமாகவில்லை. அக்கா பெலாஹியாவோடு ஆலைக்குப் பின்னால் ஒரு வீட்டில் இருந்தாள். ஆகாது என்றில்லை, கேட்டு வந்தவர்கள் உண்டு. ஆனால் அவள் மனசு வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடத்தின் பெயர் மசாரு. சங்கத்தின் டிராக்டர் உதிரிபாகப் பிரிவில் இருந்தான். குடியிருப்பின் ஜப்பானியர்களில் அவனைப் போல் குவாரனி பேச ஆள் கிடையாது. எங்களையே தலைகுனிய வைக்கும் அளவுக்குத் திட்டவும் தெரியும். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, தானே கற்று, சங்கத்துக்கு முதல் இணையதளம் கட்டியவன் அவன்தான். இரண்டாயிரத்து ஐந்தில். தளம் ஓடியது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெயர் கிடையாது, எண்தான். மழை நிலவரம் எங்கே பார்ப்பது என்று ஒரு விவசாயி கேட்டால் நான் தொலைபேசியில் இப்படிச் சொல்ல வேண்டும்: கேள்விக்குறி, ஐடி, சமக்குறி, இருநூற்று நாலு, அப்புறம் கடித்துவைத்த சிப்பா ரொட்டி மாதிரி சுருண்ட ஒரு குறி, அப்புறம் எல், சமக்குறி, மொழிக்கு ஒரு எண். கேட்கிற ஆள் பாதியிலேயே, "நானே வானத்தைப் பாத்துக்கறேன் தாயே" என்று வைத்துவிடுவார்.

மசாருவுக்கும் நிமியாவுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதை இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் அவன் ஜப்பானுக்கு வேலைக்குக் கிளம்பினான். அந்த வருடங்களில் குடியிருப்பிலிருந்து பலர் அப்படிப் போனார்கள். தாத்தா விட்டுவந்த நாட்டின் கடவுச்சீட்டு பேரன்களுக்கு உதவியது. ஹமாமட்சு என்ற ஊரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. மூன்றே வருடம், வந்து சொந்தமாகப் பட்டறை வைப்பேன் என்றான்.

அதுவரை வாரச் செய்தி ஸ்பானிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. கிளம்புவதற்கு முதல் வாரம் அவன் தளத்தில் புதிதாக ஒரு பக்கம் திறந்தான். எண் முந்நூற்றுப் பதினெட்டு, மொழி எண் மூன்று. குவாரனிக்கு.

"நீ இதுல எழுது," என்று அவளிடம் சொன்னானாம். "ஸ்பானிஷ் அங்கயும் கேக்கலாம், பிரேசில்காரங்க பெருகாரங்கன்னு நிறைய பேர் இருக்காங்க. குவாரனி எவன் பேசுவான்? வாரத்துக்கு ஒருநாள் நான் இதப் படிச்சுக்கறேன்."

அவள் எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றிவிடுவாள். எங்களுக்கு வெள்ளி பொழுது சாயும்போது அங்கே சனி விடியும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, படுக்கும் முன் படிப்பான் என்பது கணக்கு. தளத்தின் பின்பக்கத்தில் யார் எந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஆறு மணி வாக்கில் அதில் ஹமாமட்சு என்று ஒரு வரி விழும். அது விழுந்த பிறகுதான் நிமியா கைப்பையை எடுப்பாள்.

இரண்டு வருடம் அவனிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது. பிறகு மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிறகு நின்றது. மூன்று வருடம் முடிந்தது, ஐந்து முடிந்தது. அவன் அம்மா இறந்தபோது அண்ணன்தான் காரியம் செய்தான். நிமியா அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் தலைநகர் அசுன்சியோனுக்கு வண்டி ஏறிவிட்டான். அதற்குமேல் கேட்க ஊரில் ஆளில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வரி நிற்கவில்லை. ஹமாமட்சு, முந்நூற்றுப் பதினெட்டு, மொழி மூன்று. வாரம் ஒருமுறை. அவள் அதை வைத்துக்கொண்டுதான் பத்து வருடம் ஓட்டினாள். நான் சில சமயம் கோபத்தில் கேட்டிருக்கிறேன், ஒரு வரி எழுத முடியாதவனுக்காகவா நீ இப்படி என்று. "எழுதல, ஆனா படிக்கறாரில்ல" என்பாள். கோதுமைக்கு உறைபனி விழுந்த செய்தியை அவள் குவாரனியில் எழுதியிருப்பதையும் ஸ்பானிய மொழியில் எழுதியிருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தெரியும். ஸ்பானியத்தில் எத்தனை ஹெக்டேர் என்று இருக்கும். குவாரனியில், காலையில் செருப்புக்கடியில் புல் நொறுங்கிய சத்தம் இருக்கும்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் சங்கத்தின் மேலாளர் இசாயாமா, தளத்தைப் புதிதாகக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். எல்லோரும் கைபேசியில் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், இந்த எண் முகவரியை யாரும் யாருக்கும் சொல்ல முடியவில்லை என்பது என் புகாராகவே மேலே போயிருந்தது. அசுன்சியோனிலிருந்து டெர்லிஸ் என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், வேலையில் கெட்டிக்காரர், பேச்சு நிற்காது. இனி ஒவ்வொரு பக்கத்துக்கும் வாயால் சொல்லக்கூடிய முகவரி என்றார். சங்கத்தின் பெயர், ஒரு சாய்கோடு, மொழிக்கு இரண்டு எழுத்து, இன்னொரு சாய்கோடு, அதன்பின் பக்கத்தின் பெயர் சின்ன எழுத்தில், சொல்லுக்குச் சொல் நடுவே ஒரு சிறு கோடு. அந்தக் கடைசித் துண்டை அவர் வால் என்று சொன்னார். எல்லாப் பக்கத்துக்கும் வால் யோசிக்கும் வேலை நிமியாவுக்கு வந்தது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பக்கம்.

முதல் நாளே தகராறு. மூன்று மொழிப் பக்கங்களுக்கும் ஸ்பானிய வாலே போதும், நிர்வகிக்கச் சுலபம் என்றார் டெர்லிஸ்.

"குவாரனி படிக்க வர்றவங்களுக்கு வாசல்ல ஸ்பானிஷ்ல பேரு எழுதி வைப்பீங்களா?" என்று கேட்டாள் நிமியா.

"யாரு அக்கா முகவரியப் படிக்கறாங்க? கைய வெச்சாத் திறந்துக்கும்."

"நான் படிக்கறேன் தம்பி. இவ ஃபோன்ல சொல்றா. மூணுக்கும் மூணு வாலு."

டெர்லிஸ் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தெரெரே குவளையைப் பார்த்தார். மூன்று வால் என்றே முடிவானது.

டெர்லிஸ் கொண்டுவந்த கருவி ஒன்று, தலைப்பைக் கொடுத்தால் தானே வால் தயாரிக்கும். எழுத்துக்கு மேலே இருக்கும் புள்ளி, கோடு, அலை எல்லாவற்றையும் வழித்துவிடும். இசாயாமா எழுதிய ஆண்டறிக்கைதான் அதற்கு முதலில் போனது. ஸ்பானிய மொழியில் ஆண்டு என்ற சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் அலைக்கோடு உண்டு. அதை எடுத்துவிட்டால் அந்தச் சொல் மனிதன் உட்காரும் இடத்தில் உள்ள துவாரத்தைக் குறிக்கும். 'மேலாளரின் இந்த' என்று ஆரம்பித்த அந்த முகவரியை நான்தான் ஒரு வங்கிக்காரருக்குத் தொலைபேசியில் படித்துச் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, திரும்ப ஒருமுறை சொல்ல முடியுமா, பக்கத்து மேசைக்காரரும் கேட்க வேண்டும் என்றார். அன்று மாலையே கருவியை நிறுத்திவிட்டு, எல்லா வாலையும் கையாலேயே எழுதுவது என்றாயிற்று.

ஜப்பானியப் பக்கங்களுக்கு, குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஹட்சுயே டீச்சர் வந்து உட்கார்ந்தார். ஜப்பானிய எழுத்துகளை அப்படியே வைத்தால், முகவரியை வெட்டி ஒட்டும்போது அது ஒரு முழத்துக்கு விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். லத்தீன் எழுத்தில் ஒலியை எழுதலாமென்றால் டீச்சருக்கு மனசில்லை. "என் பேரன்தான் அப்படி எழுதறான், அதப் பாத்தாலே எனக்குப் பல்லு கூசுது" என்றார். மூன்று நாள் பேசி, கடைசியில் ஒலியையே எழுத ஒப்புக்கொண்டு, நெட்டெழுத்தை எப்படிக் காட்டுவது என்று இன்னும் இரண்டு நாள் சண்டை போட்டார். அந்த ஐந்து நாளும் அவர் கொண்டுவந்த சோற்றுருண்டையை நாங்கள் சாப்பிட்டோம்.

குவாரனிதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தொண்டையில் ஒரு நொடி மூச்சை நிறுத்துவதற்கு எங்களுக்கு ஒரு மேற்புள்ளி உண்டு. முகவரியில் அதற்கு இடமில்லை. மூக்கால் சொல்லும் உயிரெழுத்துக்கு மேலே அலைக்கோடு போடுவோம். அதற்கும் இடமில்லை. வாரச் செய்திக்கு நிமியா பல வருடத்துக்கு முன் வைத்த தலைப்பு 'உவு புத்தா', செம்மண் என்று அர்த்தம். கடைசி எழுத்தை மூக்கால் சொன்னால்தான் சிவப்பு. அலைக்கோட்டை எடுத்து வாயால் சொன்னால் அதே சொல்லுக்குத் தங்கு, போகாமல் இரு என்று பொருள். வாலை எழுதிவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண், தங்கு. வேறு ஏதாவது வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

அடுத்த பிரச்சினை பழைய முகவரிகள். புதுத் தளம் திறந்ததும் எண் முகவரிகளெல்லாம் செத்துவிடும். தட்டினால் 'பக்கம் இல்லை' என்று வரும். அதிகம் பார்க்கப்படும் நூறு பக்கத்துக்கு மட்டும் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட்டால் போதும் என்றார் டெர்லிஸ். வாரம் முப்பது நாற்பது பேர் பார்க்கும் முந்நூற்றுப் பதினெட்டு அந்த நூற்றில் இல்லை. அதை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் எல்லாப் பக்கத்தையும் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையுமா? இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்துக் கோழித்தீவன அறிவிப்புக்குமா?"

"யாராவது குறிச்சு வெச்சிருப்பாங்க தம்பி."

"அத நீங்கதான் எழுதணும்."

"நான் எழுதறேன்."

ஒரு வரியில் பழைய எண், பக்கத்தில் புது வால். நான்கு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் அவள் அதைச் செய்தாள். ஆகஸ்ட் மாதம். வெளியே லாபாச்சோ மரங்கள் இலையே இல்லாமல் ரோஜா நிறத்தில் பூத்து நின்றன. நான் அவளுக்கு எண்களைப் படித்துச் சொன்னேன். முந்நூற்றுப் பதினெட்டு வந்தபோது இரண்டு பேரும் மற்றவற்றைப் போலவே அதையும் கடந்து முந்நூற்றுப் பத்தொன்பதுக்குப் போனோம்.

புதுத் தளம் ஒரு புதன்கிழமை திறந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நிமியா பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு ஐந்துக்கு வரி விழுந்தது. ஹமாமட்சு. பழைய எண்ணைத் தட்டி வந்து, திருப்பிவிடப்பட்டு, செம்மண்ணுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து டெர்லிஸ் கடைசி முறையாக வந்தார். தளத்தின் பட்டியலைப் பிரித்துக் காட்டி, எது மனிதர் வருகை, எது இயந்திரம் என்று மேலாளருக்கு விளக்கினார். உலகமெங்கும் பக்கங்களைத் தானே திறந்து படித்துச் சேமிக்கும் நிரல்கள் இருக்கின்றனவாம். விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"இப்ப இதப் பாருங்க. ஜப்பான்லேருந்து வாராவாரம், அதே நேரம், அதே ஒரு பக்கம். வேற எதையும் தொடறதில்ல. புது முகவரி வந்த பிறகும் பழைய நம்பர்லயே வருது. மனுஷனா இருந்தா இதுக்குள்ள மாத்திக்கிட்டிருப்பான். இது மெஷின்."

இசாயாமா தலையாட்டினார். டெர்லிஸ் மேல் குற்றமில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்று மாலை அவள் பேருந்துக்குப் போகவில்லை. நாங்கள் ஆலை வரைக்கும் நடந்தோம், பாதி வழிக்குமேல் அவள் பேசினாள். பத்து வருஷமா ஒரு மெஷினுக்கா எழுதியிருக்கேன் என்றாள். நான் அப்படியெல்லாம் இருக்காது என்றேன். எனக்கே அதில் உறுதியில்லை, அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் அவளுடைய குவாரனிச் செய்தி ஸ்பானியச் செய்தி போலவே இருந்தது. ஹெக்டேர், டன், தேதி.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். தளத்தில் ஒரு பக்கம் செய்திருந்தாள். எந்தப் பட்டியலிலும் அது இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் தட்டிப் போக முடியாது. முகவரியைக் கையால் எழுதினால் மட்டும்தான் திறக்கும். அதில் சங்கத்தின் பழைய படங்கள் மூன்று. ஒன்றில் மசாரு உதிரிபாகப் பிரிவின் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நிற்கிறான். கீழே அவளுடைய சொந்த மின்னஞ்சல், ஒரே ஒரு வரியில்.

வாரச் செய்தியின் கடைசியில் குவாரனியில் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: பழைய படங்கள் பார்க்க விரும்புகிறவர், நம் முகவரியில் மொழிக்குப் பின்னால், அன்றைக்குப் பெருமழையில் ஜீப்பை நிறுத்திவைத்த மரத்தின் பெயரை எழுதவும்.

"இயந்திரத்துக்கு இது தெரியாது" என்றாள்.

"எந்த மரம்?"

"கொய்யா. ஆலைக்குப் போற வழியில, ஓடைக்கு இந்தப் பக்கம். அவருக்குத் தெரியும்."

அந்த வாரம் ஆறு மணிக்கு வரி விழுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கொய்யா மரத்தின் கதவை யாரும் தட்டவில்லை. அடுத்த வாரமும் அந்தக் கடைசி வரியை விட்டுவைத்தாள். வரி விழுந்தது, கதவு திறக்கவில்லை. பெலாஹியா என்னிடம் வந்து, தங்கை சாப்பிடுவதே இல்லை, அலுவலகத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். நான் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நானும் அவளோடு இருந்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பே ஹமாமட்சு வந்துவிட்டது. இந்த முறை பழைய எண்ணில் வரவில்லை, செம்மண் என்ற வாலிலேயே வந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. தளத்தில் இன்னொரு பட்டியல் உண்டு. யாராவது இல்லாத முகவரியைத் தட்டி 'பக்கம் இல்லை' என்று வாங்கிக்கொண்டால் அது அங்கே சேரும். விவசாயிகள் தப்பாகத் தட்டினார்களா என்று பார்க்க டெர்லிஸ் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தார்.

"அத ஒரு தடவ திறந்து பாரு" என்றேன்.

திறந்தாள். முதல் இரண்டு வாரத்துத் தேதியிலும் அங்கே வரிகள் இருந்தன. ஹமாமட்சுவிலிருந்து. குவாரனியில் மரப்பெயர்கள். லாபாச்சோ என்று ஒன்று. மா என்று ஒன்று. இங்கா என்று ஒன்று, அதையே எழுத்தை மாற்றி இன்னொன்று. போன வாரம் ஐந்து மரம். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நிமிட இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் தளம் 'பக்கம் இல்லை' என்று பதில் சொல்லியிருந்தது.

நிமியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "மறந்துட்டாரு" என்றாள். "கொய்யாவ மறந்துட்டாரு பாரு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு வரி விழுந்தது. பலா என்று. அந்தப் பக்கத்தில் பலா மரமே கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு வரி. அது மரத்தின் பெயரே இல்லை. 'ன்டே சப்பாத்து' என்றிருந்தது. உன் செருப்பு.

நிமியா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அந்த மழையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவள் ஒரு கால் செருப்பு செம்மண் சேற்றில் முழங்கால் ஆழத்துக்குப் புதைந்துவிட்டதாம். அவன் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவித் தேடியும் கிடைக்கவில்லையாம். ஒற்றைச் செருப்போடு நொண்டிய அவளைத் தாங்கிக்கொண்டுபோய் வீட்டுப் படியில் விட்டானாம். இதை அவள் அடியோடு மறந்துவிட்டிருந்தாள். அவள் கொய்யாவை வைத்திருந்தாள், அவன் செருப்பை வைத்திருந்தான்.

"சீக்கிரம் ஏதாவது பண்ணு, போயிடப் போறாரு" என்றேன் நான்.

அவள் உட்கார்ந்து, திருப்பிவிடும் பட்டியலைத் திறந்தாள். 'உன் செருப்பு' என்று எழுதினால் கொய்யாப் பக்கத்துக்குப் போகும்படி எழுதப்போனாள். பாதியில் நிறுத்தினாள். அவன் அதையே மறுபடி தட்டுவானா என்ன. அதை அழித்துவிட்டு வேறொரு வரி எழுதினாள். முகவரியில் குவாரனிக்கான இரண்டு எழுத்துக்குப் பின்னால், இல்லாத எந்தச் சொல்லை யார் எழுதினாலும் அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோய்விடு. அவ்வளவுதான் வரி. சேமித்தாள்.

ஏழு நிமிடம் ஆனது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து கதவைப் பூட்டலாமா என்று கேட்டார், இன்னும் கொஞ்சம் என்றேன்.

வரி விழுந்தது. 'ன்தாய்க்குவாயி'. எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். தோற்றுப்போனவன் கடைசியாக அதைத் தட்டியிருக்கிறான். அதற்குக் கதவு திறந்துகொண்டது. படங்கள் மூன்றும் ஒவ்வொன்றாக அங்கே இறங்குவது பட்டியலில் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் அவன் நாற்பது நிமிடம் இருந்தான். நாங்களும் இருந்தோம்.

மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. குவாரனியில், ஏகப்பட்ட பிழையோடு. இரண்டாயிரத்து ஒன்பதில் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அவனுக்கும் வேலை போனது. எட்டு மாதம் நண்பன் அறையில் தரையில் படுத்திருந்தான். வெறுங்கையோடு திரும்பி வர வெட்கம், அதை எழுதவும் வெட்கம். எழுதாத வருடங்கள் கூடக்கூட எழுதுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. பிறகு, சாவோ பாவ்லோவிலிருந்து வந்து அதே ஊரில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஏழு வயதில் ஒரு மகள். ஆனால் ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை. நீ ஊருக்கு எழுதியதை எனக்கு எழுதியதாக நினைத்துப் படித்தேன், அது தப்பா என்று கேட்டிருந்தான்.

நிமியா அதை என்னிடம் காட்டினாள். நான் படித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் நின்றாள்.

"கல்யாணம் ஆயிருக்கும்னு எனக்குத் தெரியும்டி," என்றாள். "தெரியாதுன்னு வெச்சுக்கிட்டிருந்தேன்."

பதில் எழுத அவளுக்கு ஏழு வாரமானது. நாலு வரிதான். தப்பில்லை. உனக்குத்தான் எழுதினேன். உன் அம்மா கல்லறையில் பெலாஹியா பூ வைக்கிறாள். மகளுக்கு என் அன்பு. அதற்கு அவன் நன்றி என்று ஒரு சொல் எழுதினான். அதன்பின் இரண்டு பேரும் எழுதிக்கொள்ளவில்லை.

எந்தத் தவறான முகவரியையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகும் அந்த வரி தளத்துக்கு நல்லதில்லை என்று டெர்லிஸ் அசுன்சியோனிலிருந்து கண்டுபிடித்துத் தொலைபேசியில் சத்தம் போட்டார். ஒரு கிழவர் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியைத் தேடப்போய் மசாருவின் படத்தில் வந்து நின்றிருக்கிறார். நிமியா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை எடுத்துவிட்டாள். கொய்யாப் பக்கத்தையும் எடுத்தாள். பழைய எண்களின் பட்டியலை மட்டும் தொடவில்லை.

வாரச் செய்தியை இன்னும் அவள்தான் எழுதுகிறாள். முதல் சில மாதம் குவாரனிப் பக்கம் வறண்டு கிடந்தது. ஹட்சுயே டீச்சருக்குக் குவாரனி அரைகுறைதான், அவரே வந்து, என்னம்மா இப்பல்லாம் மழை பெய்தா நனையவே மாட்டேங்குது என்று கேட்டார். பிறகு மெதுவாக அது திரும்பியது. யாருக்கு எழுதுகிறாள் என்று நான் கேட்பதில்லை. போன வருடம், வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். அவரோடு இரண்டு ஞாயிறு எங்கர்னாசியோன் நகரத்து ஆற்றங்கரைக்குப் போய் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவர் நல்லவர்தான், ஆனால் பேசும்போது என் காது வேறெங்கோ இருக்கு என்று சொன்னாள். மூன்றாவது ஞாயிறு போகவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் செய்தியை ஏற்றியதும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் ஆறரை வரை இருக்க வேண்டியிருக்கிறது, தொலைபேசி அதுவரை அடிக்கும். ஆறு மணிக்கு நான் அதைத் திறந்து பார்க்கிறேன். வரி விழுகிறது. இந்த ஜூனில் ஒரு வாரம் விழவில்லை. அந்த ஏழு நாளும் நான் அவளிடம் எரிந்து விழுந்தேன், காரணம் கேட்டதற்குப் பல்வலி என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு வரி விழுந்தது, விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து. திங்கட்கிழமை காலை, பல்வலி போயிடுச்சா என்று நிமியா கேட்டாள். போயிடுச்சு என்று சொல்லிவிட்டு ஐஸ் தண்ணீர் எடுக்கப் போனேன்.